வாணம் விட்டதும்

புதுப்பட்டினம் கடலோர வாலிபர் சங்கத்தின் முதல் ராக்கெட்டு மேலே போகவில்லை. பக்கவாட்டில் போனது. சுல்தான் பீவியின் வேலியைத் துளைத்து, அடைக்கு உட்கார்ந்திருந்த கோழியைக் கிளப்பிவிட்டு, அம்மிக்கல்லில் மோதி அங்கேயே புகைந்துகொண்டு கிடந்தது.

"எவண்டா அவன், பட்டப்பகல்ல குண்டு போடறவன்" என்று சுல்தான் பீவி வெளியே வந்தார். வாயில் வெற்றிலை இருந்ததால் பாதிப் பேச்சு சிவப்பாகத் தெறித்தது. "எம் புள்ள ஊர்ல இல்லன்னா வூட்டக் கொளுத்திடுவீங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு தலைகள் எழும்பின. அது ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி. ருசியாக்காரன் ஆகாயத்தில் ஒரு குட்டி நிலாவை ஏற்றிவிட்டான் என்று பேப்பரில் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து சங்கத்தில் கேரம் போர்டை யாரும் தொடவில்லை. தலைவன் மோசஸுக்கு வயது இருபத்திரண்டு. செங்கல்பட்டில் ஒரு ஆபீசில் நகல் எழுதுகிற வேலை; சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து ஊருக்கு வருவான். ருசியாக்காரன் செய்தால் நாமும் செய்யலாம் என்று அவன்தான் ஆரம்பித்து வைத்தது. சைக்கிள் கடையில் வேலை பார்க்கும் சௌகத் அலி ஒரு பழைய பம்பைக் கொண்டுவந்தான். அதற்குள் மருந்தை அடைத்துக் கொளுத்தினார்கள். மிச்சம்தான் அம்மிக்கல்லில் கிடந்தது.

சுல்தான் பீவியின் மருமகள் சுராயா பின்கட்டிலிருந்து வந்தாள். தலைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு துடைப்பக் குச்சியால் பம்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"இரும்புக் குழாய்ல மருந்து அடைச்சது யாரு?"

"நாந்தான்" என்றான் மோசஸ். "இரும்பா இருந்தா பலமா இருக்குமேன்னு."

"பலமாத்தான் இருக்கும். வெடிச்சிருந்தா உன் மூஞ்சில பாதி எங்க கூரை மேல காஞ்சிக்கினு இருந்திருக்கும். வாணத்துக்கு யாராவது இரும்பு வைப்பாங்களா? காயிதம்தான் வைக்கணும்."

"இது வாணம் இல்லக்கா. ராக்கெட்டு."

"அடி வழியா நெருப்ப கக்கிக்கினு மேல போவுதா?"

"ஆமா."

"அப்ப வாணம்தான்."

மோசஸ் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். சௌகத் அலி அவன் விலாவில் இடித்தான். "பேசாத இரு மச்சான். வாணக்கார ஜெயினுலாபுதீன் பொண்ணு அவங்க."

ஜெயினுலாபுதீனைத் தெரியாதவர்கள் அந்தக் கரையில் கிடையாது. ஊர் தர்காவில் சந்தனக்கூடு திருவிழா என்றால் அவர் வாணம்தான். திருக்கழுக்குன்றத்துத் தேருக்கும் அவர் வாணம்தான். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. குழல் சுருட்டவும், மருந்து சலிக்கவும், அதைக் குழலுக்குள் இடித்துக் கெட்டிக்கவும் சுராயாதான் கூட இருந்தாள். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி வந்த பிறகும் சந்தனக்கூடு நெருங்கினால் போய்விடுவாள். அந்த வருஷம் பங்குனியில் அவர் மௌத்தாகிவிட்டார். கடைசியாக அவர் விட்ட வாணத்தின் பொறி ஒன்று ஓலைக் கூரையில் விழுந்து இரண்டு குடிசை எரிந்து போயிருந்தது. அதனால் இனி ஊருக்குள் வாணமே வேண்டாம், விளக்கு மட்டும் போதும் என்று ஜமாஅத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

இதெல்லாம் சுராயாவின் புருஷன் அப்துல் கையூமுக்குத் தெரியாது. அவன் பாய்த்தோணியில் சுக்கான் பிடிக்கிறவன். கடலூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு சிலோனுக்கும் அதற்கு அப்பாலும் போகிற தோணி. போய் ஒன்றே கால் வருஷம் ஆகிறது. அத்தா இறந்துபோன சேதியைச் சுராயா எழுதிப் போட்ட கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேரவில்லை. சேரவில்லை என்று சுராயாவுக்கு எப்படித் தெரியும் என்றால், புரட்டாசி நடுவில் திருகோணமலையிலிருந்து அவனிடமிருந்து வந்த கடிதத்தில் துக்கம் விசாரித்து ஒரு வரிகூட இல்லை. இருந்தது மொத்தம் ஆறு வரி. எல்லாம் அரபுத் தமிழ். அரபு எழுத்தில் தமிழை எழுதுவது அந்தக் குடும்பங்களில் வழக்கம். பள்ளிக்கூடம் போகாத பெண்களும் அதை வாசிப்பார்கள். அம்மாவுக்குச் சலாம், உனக்குச் சலாம், உடம்பு சுகம், தோணி இங்கே கட்டியிருக்கிறது, இப்படிப் போய் கடைசி வரி இது:

இன்ஷா அல்லாஹ், வாணம் விட்டதும் வந்து சேருகிறேன்.

சுராயா அதைப் படித்துச் சிரித்துவிட்டாள். மாமியாருக்கும் படித்துக் காட்டினாள். அவன் கணக்கு அவளுக்குப் புரிந்தது. சந்தனக்கூட்டுக்கு அத்தா வாணம் விடுவார், அது முடிந்ததும் வருகிறேன் என்கிறான். தேதி தெரியாதவனுக்கு வேறு எப்படி எழுத வரும்? கல்யாணத்துக்கு முன்பு, வாணம் பார்க்கிற சாக்கில் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனவன்தானே.

ஆனால் சந்தனக்கூடு வந்தது, போனது. விளக்கு ஏற்றினார்கள், சர்க்கரை கொடுத்தார்கள். வாணம் விடவில்லை. கையூமும் வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இன்னும் காணமே" என்றார்கள். சுராயாவுக்கு அது உறைக்கவில்லை. வாணம் விட்டதும்தானே வருகிறேன் என்றார்? வாணம் விடவே இல்லையே. அவர் வர வேண்டிய நாள் இன்னும் வரவே இல்லை, பிறகு எப்படித் தாமதம் ஆகும்?

இந்த நினைப்போடு இருந்தவளின் வேலிக்குள்தான் சைக்கிள் பம்பு வந்து விழுந்தது.

"ஊருக்குள்ள வுடக் கூடாது" என்றாள் சுராயா. "ஆனா வேற எங்கனா வுடறதா இருந்தா நான் கெட்டிச்சி தரேன்."

"மாமல்லபுரத்துல வுடலாம்" என்றான் மோசஸ் சட்டென்று. "அங்க கடக்கரை அகலம். கூரையும் கெடையாது."

"எப்ப?"

"நீ எப்ப சொல்றியோ அப்பக்கா."

சுல்தான் பீவி எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, "மொதல்ல எங் கோழிக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

ஐப்பசியும் கார்த்திகையும் வேலை நடந்தது. வானம் விடாமல் பெய்தது. பின்கட்டுக் கொட்டகையில் ஒரு மூலை மட்டும் ஒழுகாது. அங்கே பலகை போட்டு உட்கார்ந்தாள். மோசஸ் ஆபீசில் கழித்துப் போட்ட தடிக் காகிதங்களைக் கட்டாகக் கொண்டுவந்தான். சௌகத் அலியின் தங்கை ஜஹனாரா பசை காய்ச்சினாள். பதினேழு வயசு, எட்டாவதோடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சங்கத்தில் பெண்களைச் சேர்க்கும் விதி இல்லை என்று முதலில் மோசஸ் சொன்னான். "அப்ப பசைய உன் விதியே காச்சட்டும்" என்று அவள் எழுந்தாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

பெரிய சண்டை வந்தது குச்சிக்குத்தான். வாணத்துக்கு மூங்கில் குச்சி கட்டினால்தான் நேராகப் போகும் என்றாள் சுராயா. மோசஸ் பேப்பரில் வந்த ஒரு படத்தைக் கத்தரித்து வைத்திருந்தான். அதில் குச்சி இல்லை. அடியில் மீன் துடுப்பு மாதிரி மூன்று சிறகு இருந்தது.

"குச்சி வச்சா தீபாவளி வெடி கணக்கா இருக்கும்க்கா. பாக்கறவன் சிரிப்பான்."

"குச்சி இல்லன்னா எரியறவன் சிரிக்கமாட்டான்."

சௌகத் அலி மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சிறகு வைத்தான். கனம் தாங்காமல் தலைகீழாக விழுந்தது. அட்டையில் வைத்தார்கள், ஈரத்தில் சொதசொதவென்று ஆகிவிட்டது. கடைசியில் ஜஹனாரா பனைமட்டைக் கருக்கை இழைத்து மெல்லிசாகச் சீவிக்கொண்டு வந்தாள். ஒரு சாண் நீளத்தில் ஒன்று செய்து, மழை கொஞ்சம் விட்ட ஒரு மத்தியானம், ஆளில்லாத கழிமுகப் பக்கம் போய்க் கொளுத்திப் பார்த்தார்கள். சீறிக்கொண்டு நேராகப் போனது. குச்சி இல்லாமல் போனது. சுராயா கழுத்தை நிமிர்த்தி, அது புள்ளியாகிற வரை பார்த்தாள்.

"சரி" என்றாள். "பேரு ராக்கெட்டுன்னே இருக்கட்டும்."

இனிப் பெரியது ஒன்று. ஆள் உயரத்தில் பாதி. அதற்கான குழலைச் சுருட்டிக் காயவைத்து, அடியில் களிமண் வைத்து, சுராயா கெட்டிக்க ஆரம்பித்தாள். அது அத்தாவின் முறை: ஒரு பிடி மருந்து, பன்னிரண்டு அடி, மறுபடியும் ஒரு பிடி. அடிக்கிறபோது பேசக் கூடாது. பேசினால் கை பேச்சின் தாளத்துக்குப் போய்விடும், ஒரு இடம் இறுகி ஒரு இடம் தளரும், தளர்ந்த இடத்தில் வெடிக்கும். அதனால் மரக்கம்பு இறங்குகிற சத்தமும் கூரை மேல் மழைச் சத்தமும் மட்டும் இருக்கும். பேசாமல் இருக்கிற வாய்க்கு நினைக்கத்தானே வரும். கையூம் சாப்பிடும்போது மீன் முள்ளை வரிசையாகத் தட்டின் ஓரத்தில் அடுக்குவான். கிளம்புகிற அன்றைக்கும் அடுக்கினான். தட்டை எடுத்துக் கழுவும்போது அவள் அந்த வரிசையைக் கலைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பன்னிரண்டு. இன்னொரு பிடி.

மார்கழி பிறந்தது. வானமும் விட்டது. பெரிய ராக்கெட்டு தயார் என்று எல்லாரும் நினைத்த அன்று, சுராயா அதைக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "காயல" என்றாள்.

ஒரு வாரம் போனது. "இப்ப?" என்றான் மோசஸ்.

"பசை வுட்டுக்கினு கீது. வேற செய்யணும்."

இரண்டாவது செய்தாள். களிமண்ணில் கீறல் என்று அதையும் தண்ணீரில் போட்டாள். மூன்றாவதைக் கெட்டித்து முடித்து, துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, கீழே எடுக்கவே இல்லை.

"மச்சான், அக்கா நம்மள வச்சி அப்பளம் காய வைக்கிற மாதிரி கீது" என்றான் சௌகத் அலி. 

"வாய மூடு. அவங்களுக்குத் தெரியாததா?" என்றான் மோசஸ். ஆனாலும் அவன் முகம் வாடித்தான் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவன்.

காயாமலும் இல்லை, கீறலும் இல்லை என்பது சுராயாவுக்குத்தான் தெரியும். அத்தா செய்ததிலேயே இவ்வளவு சுத்தமாக ஒன்று அமைந்ததில்லை. ஆரம்பத்தில் அவள் அவசரப்பட்டாள்தான். வாணம் போகட்டும், அவர் சொன்ன நாள் வரட்டும் என்று. கை வேலை முடிய முடிய மனசில் வேறொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. இது மேலே போய், அப்புறமும் அவர் வராமல் போனால்? இப்போது காத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. பரணில் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. அதைக் கொளுத்திவிட்டால் பிறகு எதைச் சொல்லிக்கொண்டு வாசலைப் பார்ப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை ஜஹனாரா மட்டும் வந்தாள். வந்ததும் வராததுமாக, "அக்கா, நீ வேணும்னே தள்ளிப் போடற" என்றாள்.

சுராயா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கீறல்னு தண்ணில போட்டியே, அத நான் எடுத்துப் பாத்தேன். கீறலே இல்ல. இன்னாத்துக்குக்கா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தால் அது எடுபடாது என்று தோன்றியது. எழுந்து போய் மரப்பெட்டியிலிருந்து கடிதத்தைக் கொண்டுவந்தாள். "இத படி. கடைசி வரி."

ஜஹனாரா வாசற்பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். மறுபடியும் படித்தாள். காகிதத்தைச் சாய்த்துப் பிடித்தாள்.

"அக்கா, நீ இத எப்பிடிப் படிச்ச?"

"வாணம் விட்டதும் வந்து சேருகிறேன்."

"இல்லக்கா. வானம். மழை."

அவர்கள் வாயில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். அந்த ஊரில் மழைக்கே வானம் என்றுதான் பேர். ஆனால் அரபு எழுத்தில் வித்தியாசம் உண்டு. நூன் என்கிற எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி இருந்தால் ன. கீழேயும் ஒரு புள்ளி வைத்தால் ண.

"கீழ புள்ளி கீதே" என்றாள் சுராயா.

"கீது. ஆனா இது மசி இல்லக்கா. மசி கருப்பு. இது பழுப்பு." ஜஹனாரா நகத்தால் லேசாகச் சுரண்டினாள். புள்ளி உதிர்ந்துவிட்டது. "ஈ போட்ட எச்சம்."

சுராயா காகிதத்தை வாங்கி அந்த வரியை மறுபடியும் படித்தாள். வானம் விட்டதும் வந்து சேருகிறேன். மழைக்காலம் முடிந்ததும், கடல் அடங்கியதும், கட்டியிருக்கிற தோணி கிளம்பியதும். எந்தத் தோணிக்காரனும் எழுதுகிற வரி. வாணக்காரன் மகளைத் தவிர வேறு யார் படித்திருந்தாலும், புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை அப்படித்தான் படித்திருப்பார்கள்.

வாசலில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வானம் விட்டு எத்தினி நாளு ஆவுது?" என்றாள் சுராயா.

மூன்று வாரம் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலை போன சந்தைக்கே வந்துவிட்டது. மாமி அதைத்தான் இப்போது வெற்றிலையோடு அடக்கிக்கொண்டிருக்கிறார். சிலோன் தோணிகள் கடலூருக்கு வராமல் அது எப்படி வந்திருக்கும்? வாரம் முழுக்க அந்த வாசனை வீட்டுக்குள் இருந்தது. அவள் மூக்குக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

"நான் படிச்சிருக்கக் கூடாது" என்றாள் ஜஹனாரா.

"நீ இன்னா பண்ணுவ. ஈ பண்ணது." சுராயா கடிதத்தை மடித்தாள். ரொம்ப நேரம் மடித்தாள். பிறகு, "மோசசு வந்தா சொல்லு" என்றாள். "காணும் பொங்கலுக்கு வுட்டுடலாம்."

"எதுக்குக்கா இப்ப? இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆயிடுச்சே."

"அவரு எழுதனது எதுவோ இருக்கட்டும். நான் படிச்சது வாணம். மூணு மாசம் அத நம்பித்தான் சோறு துன்னேன். நம்பனதுக்காவது வுட்டுப் பாக்கறேன்."

காணும் பொங்கலன்று விடிந்ததும் கால்வாயில் ஒரு விறகுப் படகில் ஏறினார்கள். சங்கத்தார் பதினோரு பேர், சுராயா, ஜஹனாரா, நடுவில் துணி சுற்றிய ராக்கெட்டு. சுல்தான் பீவியும் வந்தார். வரவேண்டாம் என்று சொன்னவர்களிடம், "எங் கோழி அடைய கெடுத்தது எப்பிடிப் பறக்குதுன்னு நான் பாக்க வேணாமா?" என்றார். மடியில் புளிச்சோற்று மூட்டை. கழிக்காரன் தள்ளத் தள்ள இரண்டு கரையிலும் சவுக்கு நகர்ந்தது. மோசஸ் குழலின் மேல் எழுதியிருந்த 'க.வா.ச. 1' என்ற எழுத்தைத் துணியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அத எத்தினி வாட்டி பாப்ப? கரைஞ்சிடப் போவுது" என்றான் சௌகத் அலி.

"நீ உன் சிறகப் பாரு. கயண்டு வந்துச்சின்னா உன்ன கட்டி வுடுவேன்."

மாமல்லபுரத்துக் கடற்கரை கொள்ளாத ஜனம். செங்கல்பட்டிலிருந்தும் அச்சரப்பாக்கத்திலிருந்தும்கூட மாட்டு வண்டி கட்டி வந்திருந்தார்கள். கரும்புச் சக்கை காலில் மிதிபட்டது. கூட்டத்தை விட்டுத் தெற்கே, வலை காயப்போட்டிருந்த இடத்தையும் தாண்டி, வெறும் மணலில் மூங்கிலை நட்டார்கள். ராக்கெட்டை அதில் பொருத்தினார்கள். விஷயம் பரவி, பொங்கல் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மோசஸ் இரண்டு கையையும் விரித்து, "தள்ளிப் போங்க நைனா, தள்ளிப் போங்க" என்று ஓடி ஓடி ஜனத்தை விலக்கினான். 

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியது. அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

சுராயா ஊதுவத்தியைப் பற்றவைத்துக்கொண்டு கிட்டே போனாள். திரிக்கு அரை முழம் இருக்கையில் கை நின்றது. பின்னாலிருந்து ஜஹனாரா மெதுவாக வந்தாள்.

"நான் வைக்கட்டுமாக்கா?"

"கெட்டிச்ச கைதான் வைக்கணும்."

"அப்ப வை."

"வைக்கறேன் இரு."

வடக்கே ஜனக்கூட்டம். கிழக்கே கடல்; எட்டின தூரத்துக்கு ஒரு பாய்கூடக் கிடையாது. மேற்கே சவுக்குத் தோப்பு, அதற்குள் வண்டிப்பாதை. எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு வைத்தாள்.

திரி கமறி, அடங்கி, செத்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் அடிவயிற்றில் அறைகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. மூங்கில் ஆடியது. ராக்கெட்டு அங்கே இல்லை. எல்லாரும் தலையை அண்ணாந்தபோது அது கடற்கரைக் கோவில் உச்சியைக் காட்டிலும் பல மடங்கு மேலே, வெள்ளை நூல் ஒன்றை விட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கடலுக்கு மேல் சாய்ந்தது. இன்னும் போனது. நூலின் முனையில் வெயில் பட்டு ஒரு கணம் மின்னியது. அவ்வளவுதான். பிறகு வெறும் நூல்.

கரை முழுக்க ஒரே ஓசை. மோசஸ் மணலில் உட்கார்ந்து அழுதான், அழுதுகொண்டே சிரித்தான். முன்பின் தெரியாத யாரோ அவன் கையில் முழுக் கரும்பு ஒன்றைக் கொடுத்தார். சௌகத் அலி தங்கையைத் தூக்கிச் சுற்றினான். சுராயாவும் நூலைத்தான் பார்த்தாள். காற்று அதை வளைத்தது, பிசிறாக்கியது, மேகம் மாதிரி ஆக்கி, அதையும் எடுத்துக்கொண்டு போனது. பார்வையை இறக்கினாள். ஆயிரம் பேர் மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கரையில் இன்னொருத்தர் மட்டும் மேலே பார்க்கவில்லை. சுல்தான் பீவி, சோற்று மூட்டையை அணைத்துக்கொண்டு, சவுக்குத் தோப்பு வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் எட்டு நாள். முதல் நாள் தபால்காரர் தெருவோடு போய்விட்டார். மூன்றாம் நாள் ஒரு வண்டி வாசலில் நின்றது, உப்பு விற்கிறவர். ஆறாம் நாள் சங்கத்தார் வந்து, இரண்டாவது ராக்கெட்டு எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்கள். சொல்லி அனுப்புகிறேன் என்றாள். எட்டாம் நாள் காலை, நாஸ்தா ஆனதும், மாமியாருக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"மாமி, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தக் காயிதத்துல அவரு எழுதனது வாணம் இல்ல. வானம். மழை விட்டதும்னு எழுதிகீறாரு. நான் தப்பாப் படிச்சிட்டேன்."

சுல்தான் பீவி பாக்கை வெட்டிக்கொண்டே இருந்தார். "தெரியும்" என்றார்.

"இன்னாது?"

"அது வந்த மக்கா நாளே பள்ளிவாசல் மோதினார் கிட்ட எடுத்துக்கினு போய் படிக்கச் சொன்னேன். நீ பாட்டுக்கு எனக்கு மறைச்சி எதுனா படிச்சியோன்னு ஒரு சந்தேகம். வானம், மழைன்னுதான் படிச்சி சொன்னாரு."

"அப்புறம் ஏன் மாமி எங்கிட்ட சொல்லல?"

"நீ வாணம்னு படிச்சிட்டு சிரிச்ச. உங்கத்தா போன பொறவு நீ சிரிச்சி நான் பாக்கல. கெடக்கட்டும்னு வுட்டேன்." பாக்குவெட்டி நின்றது. "அப்பால வானம் வுட்டுச்சி, அவன் வரல. சரி, வாணம்னே இருந்துட்டுப் போவுதுன்னு எனக்கும் ஆயிடுச்சி. நீ அத பரண் மேல ஏத்தி வச்சியே, நெதம் ராவுல படுக்கறப்ப அண்ணாந்து பாத்துட்டுத்தான் படுப்பேன்."

சுராயாவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. மாமியாரின் மடியில் சிதறியிருந்த பாக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

"நான் கடலூருக்குப் போறேன் மாமி. தோணிங்க வந்து நிக்குதாம். எதுனா ஒரு தோணில அவர தெரிஞ்சவங்க இருப்பாங்க. கீறாரா இல்லியா, எங்க கீறாரு, அதனா கேட்டுக்கினு வரேன். இங்க குந்திக்கினு இனிமே என்னால ஆவாது."

"ஒண்டியாவா?"

"வேற யாரு கீறாங்க?"

"நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றார் சுல்தான் பீவி. "எந்திரி. அந்த வெள்ளத் துப்பட்டிய எடு. பெட்டில அடில கீது."

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். செங்கல்பட்டு ஸ்டேஷனில் மோசஸ் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றான். டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். கூட வரட்டுமா என்று மூன்று தடவை கேட்டான்.

"நீ போய் வேலையப் பாரு தம்பி. ஜஹனாரா கிட்ட குழல் சுருட்டி வைக்கச் சொல்லிகீறேன். கெட்டிக்கறதும் அவளுக்குக் கத்துக் குடுத்தாச்சி. ஒண்ணு மட்டும் நீ பாத்துக்க. கெட்டிக்கறப்ப அவ கிட்ட யாரும் வாய் குடுக்காதீங்க."

"சரிக்கா."

"உங்கள வச்சிக்கினு அதான் கஷ்டம்" என்றார் சுல்தான் பீவி.

வண்டி கிளம்பவில்லை. தெற்கேயிருந்து மெட்ராஸ் போகிற வண்டி வந்து தாண்டினால்தான் இதை விடுவார்கள் என்று மோசஸ் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. புகையோடு வந்து, பக்கத்துத் தண்டவாளத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள். விழுப்புரத்து ஆட்கள், கடலூர் ஆட்கள், தலையில் துண்டு கட்டினவர்கள், தூங்குகிறவர்கள், பிள்ளையை வெளியே காட்டுகிறவர்கள்.

"மாமி" என்றாள் சுராயா மெதுவாக. "நாம இங்க போற நேரத்துல அவரு அங்கேருந்து இதுல வந்துட்டிருந்தாருன்னா?"

சுல்தான் பீவி அப்படி ஒன்றை நினைத்திருக்கவில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. துப்பட்டியைத் தலையிலிருந்து பின்னுக்குத் தள்ளினார். ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார்.

"நீ இஞ்சினு பக்கம் பாரு" என்றார். "நான் அந்தப் பக்கம் பாக்கறேன். வெரசா பாரு."

சுராயா பார்த்தாள். முதல் பெட்டி, முதல் ஜன்னல். இல்லை. அடுத்தது. இல்லை. மீசைக்காரன் ஒருவன் திரும்பினான், இல்லை. அந்த வண்டி ஊதியது. இன்னும் நான்கு பெட்டி இருந்தது. அவள் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாக, நகர ஆரம்பித்துவிட்ட ஜன்னல்களை, ஒன்றைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.